வேலைக்குப் போகும் கிறிஸ்தவர் எங்கே வேறுபட வேண்டும்?

கேள்வி: சென்னையில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்கிறேன். "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷம் தரியாமல்" இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவன். டீம் டின்னரில் மது, அலுவலகத்தில் ஆயுத பூஜை, ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட், மணிக்கணக்கைக் கூட்டிப் போடச் சொல்லும் டைம்ஷீட், வீட்டில் வரன் பார்க்கும் படலம் என்று எல்லாம் ஒன்றாக நடக்கிறது. யாரிடமும் ஒதுங்கிப் போகாமல், எல்லோரையும் போலவே ஆகியும் விடாமல் கிறிஸ்தவனாக வாழ்வது நடைமுறையில் எப்படி?

பதில்: உங்கள் பட்டியலில் டின்னர் முதலில் நிற்கிறது, வரன் கடைசியில். பெரும்பாலான சபைகளில் இளைஞர்களுக்குச் சொல்லித்தரும் வரிசையும் இதுதான். நான் தலைகீழாகப் போகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடங்களில், அதாவது பொட்டு, பிரசாதம், சினிமா, பண்டிகை ஆகியவற்றில், எல்லைக்கோட்டை அழுத்தமாகவே போட்டுவிடுகிறோம். பணம், சாதி, வேலைக்காரரின் கூலி என்று வரும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து நம்மைப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஆதிச் சபையை வெளியிலிருந்து பார்த்தவர்கள் எதைக் கவனித்தார்கள் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், பிறகு ஒரு உறுதிமொழி எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. களவு, கொள்ளை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பிக் கொடுத்துவைத்த பொருளைக் கேட்கும்போது இல்லையென்று மறுப்பதில்லை என்பதுதான் அந்த உறுதிமொழி. அதில் பாதி கொடுக்கல் வாங்கல் சமாச்சாரம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு அளவுகோல் வேதாகமத்தின் தானியேல். பாபிலோனில் அவர் கல்தேயரின் மொழியைக் கற்றார், அவர்கள் இலக்கியத்தைப் படித்தார், அவர்கள் வைத்த பெயரை ஏற்றார், அரசாங்க வேலையும் பார்த்தார். மறுத்தது ராஜாவின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் மட்டும். அதையும் எப்படி மறுத்தார் என்பது முக்கியம். பிரதானியிடம் வேண்டிக்கொண்டார். அவர் பயந்து தயங்கியபோது அடுத்த நிலையிலிருந்த விசாரணைக்காரனிடம் போய்ப் பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொன்னார். தனக்கு எது வேண்டும் என்பதையும் (பருப்பும் தண்ணீரும்) சொன்னார். பெரும்பாலானவற்றை ஏற்பது, ஒன்றை மறுப்பது, மறுக்கும்போது மாற்று வழியைக் கையோடு கொண்டுபோவது, எதிராளியின் வேலைக்கு ஆபத்து வராமல் பார்ப்பது. கீழே சொல்வதெல்லாம் இந்த முறையின் விரிவுதான்.

வரன் விஷயத்துக்கு வருகிறேன். சபைப் பத்திரிகையின் மணமக்கள் பகுதியையோ கிறிஸ்தவத் திருமணத் தளத்தையோ திறந்து பாருங்கள். சபைப் பிரிவின் பெயருக்கு அடுத்த சொல் சாதி. "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற மணமகள் தேவை" என்ற விளம்பரத்திலும் அது இருக்கும். இது புதிதல்ல. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேற்றுமையைத் திட்டவட்டமாக, உடனடியாக, அறுதியாக விட்டுவிட வேண்டும் என்றார். இருக்கையிலும் நற்கருணையிலும் சாதி பார்க்கக் கூடாது என்று அவர் வற்புறுத்தியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைத் தனியாகப் பிரித்து எழுப்பிய சுவர் நம் காலத்திலும் போராட்டத்துக்குக் காரணமாக இருந்தது. உங்கள் சக ஊழியர் ஒருவர் "உங்க மதத்துலதான் சாதி கிடையாதே?" என்று கேட்டால், அது பாராட்டா குத்தலா என்று நமக்கே தெரியாது.

ஆகவே முதல் வேலை, உங்கள் சுயவிவரத்தில் சாதிக் கட்டத்தைக் காலியாக விடுவது, அல்லது "தடையில்லை" என்று போடுவது. ஆனால் பெற்றோருக்குத் தெரியாமல் இதைச் செய்தால் காரியம் கெடும். தரகர் தொலைபேசியில் கேட்டதும் அம்மா பழைய பதிலையே சொல்வார். நீங்கள் பிறகு மறுக்கும்போது அது ஒரு குறிப்பிட்ட பெண்ணை மறுத்ததாக ஆகிவிடும். வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே அப்பா, அம்மாவுடன் உட்கார்ந்து பேசுங்கள். "சாதி பார்க்க மாட்டேன்" என்று பொதுவாகச் சொல்வது போதாது. எந்தச் சாதியிலிருந்து வந்தாலும் அந்த வீட்டில் கை நனைப்பீர்களா, உறவினர் கேட்டால் என்ன சொல்வீர்கள், பெரியப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்பது வரை பேசியாக வேண்டும். இந்த உரையாடல் ஒரு நாளில் முடியாது, பல மாதம் இழுக்கும். போதகரைத் துணைக்கு அழைக்கலாம், ஆனால் அவருடைய சொந்தப் பிள்ளைகளின் கல்யாணம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டு அழையுங்கள்.

சாதியை விட்டுவிட்டேன் என்று சொல்வது மேல்நிலையிலிருப்பவருக்கு எளிது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித் அதை இழக்கிறார். இதனால் சான்றிதழில் ஒன்றும் சபைப் பதிவேட்டில் வேறொன்றுமாக வாழ நேர்ந்தவர்களை, இழப்பதற்கு எதுவுமில்லாதவர்கள் பீடத்திலிருந்து கண்டிப்பது அநியாயம்.

வரதட்சணை அடுத்தது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை. அபராதம் 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அது. இது தெரிந்தும் நடக்கிறது, ஏனென்றால் நம்மிடம் ஒரு தயாரான வாக்கியம் இருக்கிறது: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க." இதைக் கேட்ட பெண்ணின் தகப்பனார் வீட்டுக்குப் போய், அந்தச் சபையில், அந்தப் படிப்புக்கு எத்தனை பவுன் "செய்வது" வழக்கம் என்று விசாரித்துக் கடன் வாங்குவார். மறுப்பு என்றால் அது குறிப்பாக இருக்க வேண்டும். பணம், வாகனம், மனை, வீட்டுச் சாமான் எதுவும் வாங்க மாட்டோம். நகை போடுவதும் போடாததும் அவள் விருப்பம், போட்டால் அது அவள் பெயரில் உள்ள லாக்கரில் இருக்கும். கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது. முதல் கிறிஸ்துமஸ், வளைகாப்பு, குழந்தையின் ஞானஸ்நானம் எதற்கும் சீர் கிடையாது. கடைசிப் பகுதியை விட்டுவிட்டால், கல்யாணத்தன்று மறுத்தது அடுத்த ஓராண்டில் தவணை முறையில் வந்து சேரும். இதை மாப்பிள்ளையே தன் வாயால், இரு வீட்டாரும் இருக்கும்போது, நிச்சயத்துக்கு முன் சொல்ல வேண்டும். அம்மா சொல்லட்டும் என்று விட்டால் மேலே சொன்ன அந்த வாக்கியம்தான் வெளியே வரும். ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பே இது முடிந்திருக்கட்டும். அதற்குப் பிறகு பேசினால் பேரமாகிவிடும். கேட்காமல் வரும் அன்பளிப்புகளை எழுதிப் பட்டியலாக வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எல்லாம் எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. நீங்கள் செய்யலாம்.

டைம்ஷீட். இதில் பல ரகம் இருக்கிறது. பயிற்சியில் கழித்த மூன்று மணி நேரத்தை வாடிக்கையாளர் கணக்கில் போடச் சொல்வது ஒன்று. மூன்று வருட அனுபவத்தை ஐந்தாக்கி வாடிக்கையாளருக்கு விவரம் அனுப்புவது இன்னொன்று. ஒருவருக்குப் பதில் வேறொருவர் இன்டர்வியூ கொடுப்பது வேறொன்று. கடைசி இரண்டும் சந்தேகமே இல்லாத ஆள்மாறாட்டமும் பொய்யும், அவற்றில் பெயரைக் கொடுக்காதீர்கள். முதலாவதில், மேலாளரிடம் போய் "இது பாவம்" என்று தொடங்க வேண்டாம். ஒரு மின்னஞ்சல் போதும்: "இந்த வாரம் 40 மணி நேரத்தில் 28 திட்ட வேலை, 12 பயிற்சி. பயிற்சியை எந்தக் கணக்குக் குறியீட்டில் போடட்டும்?" குற்றச்சாட்டு இல்லை, ஆனால் எழுத்தில் இருக்கிறது. பாதிப் பேர் இந்தக் கேள்விக்கு நேரான பதிலே தருவார்கள், ஏனென்றால் எழுத்தில் பொய் சொல்லச் சொல்ல அவர்களுக்கும் பயம். "எல்லாத்தையும் கிளையண்ட்லயே போடுங்க" என்று நேரில் வந்து சொன்னால், உண்மையான கணக்கையே பதிந்துவிட்டு, அவர் திருத்த விரும்பினால் திருத்தட்டும் என்று விடுங்கள். அதற்கும் மேல் அழுத்தம் வந்தால், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் புகார் சொல்ல ஒரு தனி வழியை வைத்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதைப் பயன்படுத்துங்கள். முதல் அடியாகவே வாடிக்கையாளருக்கு எழுதுவது பெரும்பாலும் தவறு. உள்ளே சரிசெய்யும் வாய்ப்பைப் பறிப்பதோடு, ஒப்பந்த ரகசியத்தை மீறியதாக உங்கள் மேலேயே திரும்பும்.

இதே தராசில் நம்மையும் நிறுத்த வேண்டும். மூன்று நாள் கன்வென்ஷனுக்குப் போக உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்வது, வீட்டிலிருந்து வேலை என்றபடி பாடகர் குழுப் பயிற்சியில் இருப்பது, அலுவலக நேரத்தில் வாலிபர் கூட்ட அறிவிப்பு தயாரிப்பது ஆகியவை சபையில் யாரும் கண்டிக்காத களவுகள். தானியேலின் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க முயன்று எதிரிகள் தோற்றார்கள் என்று வேதம் சொல்வது, சிங்கக் கெபிக்கு முந்தைய கதை.

வீட்டு வாடகை ரசீது இன்னும் நுட்பமான இடம். பழைய வரி முறையில் இருப்பவர் சென்னையில் வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கும்போது மூன்று தொகைகளில் குறைவானது கிடைக்கும்: பெற்ற வாடகைப் படி, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10% கழித்தது, அடிப்படைச் சம்பளத்தின் 50%. அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000, வாடகைப் படி 20,000, உண்மை வாடகை 15,000 என்றால் ஆண்டு விலக்கு 1,32,000 ரூபாய். வாடகையை 24,000 என்று எழுதினால் அது 2,40,000 ஆகும். 20% வரி வரம்பில், 4% செஸ் சேர்த்து, அந்தப் பொய்யின் லாபம் ஆண்டுக்கு 22,464 ரூபாய். ஞாயிறு காணிக்கையைவிட அது அதிகமாக இருக்கலாம். பெற்றோருக்கு வாடகை கொடுப்பது தவறே இல்லை, நான்கு நிபந்தனைகளோடு: வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், பணம் வங்கி வழியாகவே மாதாமாதம் போய்ச்சேர வேண்டும், அவர்கள் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தேவை. கடந்த ஆண்டுகளில் பொய்யாகக் கேட்டிருந்தால் திருத்த வழி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை புதுப்பித்த படிவம் தாக்கல் செய்யலாம். கட்ட வேண்டிய வரி, வட்டி ஆகியவற்றின் மேல் கூடுதலாக 25%, பிந்தப் பிந்த 50, 60, 70% என்று ஏறும். வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பத் தருவதாகச் சொன்னதை நினைத்தால் இது மலிவு.

அரசு அலுவலக லஞ்சத்தில், உரிமையுள்ளதைப் பெறக் கொடுப்பதையும் உரிமையில்லாததைப் பெறக் கொடுப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். இரண்டாவது எந்தக் கணக்கிலும் அநியாயம். முதலாவதில் கொடுப்பவர் பாதிக்கப்பட்டவரும்கூட. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம், கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு. பலர் லஞ்சம் கொடுப்பதற்கு உண்மையான காரணம் பயம்கூட அல்ல, அவசரம். நாளை மறுநாள் வங்கியில் கொடுக்க வேண்டிய சான்றிதழுக்கு இன்று விண்ணப்பித்தால் தரகரைத் தவிர வேறு வழி தெரியாது. பட்டா, வாரிசுச் சான்று, ஓட்டுநர் உரிமம் எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் முன்னதாக, முடிந்தவரை இணையம் வழியாக விண்ணப்பித்து எண்ணை வாங்கிவையுங்கள். நகர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது?" என்று ஒரே கேள்வி. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பல கோப்புகள் பதில் வருமுன்பே நகர்ந்துவிடும். மனை வாங்கும்போது "கொஞ்சம் கேஷா கொடுத்துடுங்க சார்" என்று வரும். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடை. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். முழுத்தொகையும் காசோலையில் என்று நீங்கள் சொன்னால் சில மனைகள் கைநழுவும். அதற்குத் தயாராக இருங்கள். ஜெபித்தால் அந்த மனையே அதே விலைக்குக் கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பணத்தோடு சேர்ந்தது என்பதால். ஜூலியன் என்ற ரோமப் பேரரசர் கிறிஸ்தவத்தை வெறுத்தவர். 362 வாக்கில் அவர் தன் குருமார் ஒருவருக்கு எழுதும்போது, இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே, நமக்கு வெட்கமாக இல்லையா என்று புலம்பினார். நம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா அப்படிப் பொறாமைப்பட ஏதாவது இருக்கிறதா? தசமபாகத்தைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் இருந்தால் கணக்கு எங்கோ தவறியிருக்கிறது. மாதம் முதல் தேதியே சம்பளம், வாரம் ஒரு நாள் விடுமுறை, உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடித்தம் இல்லை, நீங்கள் ஊருக்குப் போகும் மாதத்துக்கும் முழுச் சம்பளம், அவர் கொண்டாடும் பண்டிகைக்கு ஒரு மாதப் போனஸ். தீபாவளிப் போனஸைக் கிறிஸ்துமஸுக்குத்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பட்டாசும் துணியும் அவர் வாங்க வேண்டியது அக்டோபரில்.

ஞாயிறு ஷிஃப்ட் பற்றி நிறையக் குற்ற உணர்வு இருக்கிறது. பிளினி குறிப்பிட்டவர்கள் ஏன் விடியுமுன் கூடினார்கள் என்று யோசியுங்கள். ரோமில் ஞாயிறு வேலை நாள். கான்ஸ்டன்டைன் 321-ல்தான் அதை ஓய்வு நாளாக்கினார். அதுவரை முந்நூறு ஆண்டு கிறிஸ்தவர்களில் பலர் வேலைக்குப் போவதற்கு முன்போ பின்போதான் ஆராதித்தார்கள், அடிமைகள் உட்பட. ஆகவே ஷிஃப்ட் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று இல்லை, கூடிவருதலை விட்டுவிடுவதுதான் ஆபத்து. சென்னையில் அதிகாலை ஆராதனை நடத்தும் ஆலயங்கள் பல. கத்தோலிக்கர்களுக்குச் சனி மாலைத் திருப்பலி ஞாயிறுக் கடமையை நிறைவேற்றும். மேலாளரிடம் கேட்கும்போது "ஞாயிறு வரமுடியாது" என்பதைவிட "ஞாயிறு காலை 11 மணிக்குப் பிறகு எத்தனை ஷிஃப்ட் வேண்டுமானாலும் போடுங்கள், தீபாவளி இரவும் பொங்கலும் ரம்ஜானும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். தீபாவளிக்குப் பஸ் பிடித்து ஊருக்குப் போன சக ஊழியர், பெரிய வெள்ளியன்று உங்கள் இடத்தில் உட்கார வருவார். அவர் வராவிட்டாலும் தீபாவளி ஷிஃப்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஆயுத பூஜையில் மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன. மேசையைத் துடைப்பது, தோரணம் கட்டுவது, பொரி கடலைக்கும் சுண்டலுக்கும் பணம் போடுவது எல்லாம் அலுவலக ஐக்கியம். பூஜை நேரத்தில் ஓரமாக அமைதியாக நிற்பது மரியாதை. ஆரத்தியைத் தொட்டுக் கும்பிடுவது, குங்குமம் வைத்துக்கொள்வது வழிபாடு, அங்கே நிறுத்திக்கொள்ளலாம். ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் தன் ராஜாவுக்குக் கைலாகு கொடுத்துக் குனிய வேண்டியிருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா "சமாதானத்தோடே போ" என்றுதான் சொன்னார் என்பதையும் மறக்க வேண்டாம். பிரசாதத்தில் சபைகளுக்குள்ளேயே ஒருமித்த வழக்கம் இல்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது சூழலைப் பார்க்கச் சொல்கிறது: கடையில் விற்பதை விசாரியாமல் வாங்கிச் சாப்பிடு, அழைத்த வீட்டில் வைப்பதைச் சாப்பிடு, இது படைக்கப்பட்டது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. அலுவலகத்தில் "பிரசாதம்" என்று சொல்லியே நீட்டும்போது மறுப்பது இந்த மூன்றாவது நிலைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மறுப்பதை முந்தைய வாரமே டீம் லீடிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், பத்துப் பேர் நடுவில் வேண்டாம். அந்த நேரத்தில் "எனக்கு வழக்கமில்லண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க" என்ற ஒரு வரி போதும். விக்கிரகத்தைப் பற்றிய விளக்கவுரை தேவையில்லை. ஒரு விபரீதம் மட்டும் நடக்கக்கூடும். தட்டை நீட்டுவது பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங் அக்காவாக இருக்கும். அவர் கையால் வாங்க மறுப்பது இந்த ஊரில் சாதியாகப் படும். மற்ற நாளில் அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர் என்றால் அந்தத் தவறான அர்த்தம் வராது.

விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதில் பேதுருவின் நிபந்தனை தெளிவு: கேட்பவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. மற்றவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. சட்டத்தைவிட முக்கியமானது அதிகார வேறுபாடு. உங்களுக்குக் கீழே வேலை செய்பவரை, உங்களிடம் மதிப்பெண் வாங்கப்போகிறவரை, ஜெபக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அவரால் "வரல" என்று சொல்ல முடியாது. நோயாளியாக இருக்கும் சக ஊழியரிடம் "உங்களுக்காக வீட்டில் ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. அனுமதியில்லாமல் தலையில் கைவைப்பதும், சுகமாகிவிடும் என்று வாக்களிப்பதும், மருந்தை விடச் சொல்வதும் கூடாது. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோனால் முட்டையில்லாத கேக் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், தனிப் பெட்டியில், தனிக் கத்தியோடு. வீட்டு ஜெபக் கூட்டத்துக்கும் இதே அக்கறை வேண்டும்: எதிர்வீட்டு வாசலில் வண்டி நிற்கக் கூடாது, ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படியே கிடையாது, குடியிருப்புப் பகுதியில் பகலிலும் 55 டெசிபல்தான் வரம்பு. அது சாதாரண உரையாடலை ஒட்டிய சத்தம். பெட்டி ஸ்பீக்கர் வைத்த எந்த ஜெபக் கூட்டமும் அதற்குள் அடங்காது.

கடைசியாக டீம் டின்னர். போங்கள். எலுமிச்சை சோடா சொல்லுங்கள். யாரும் இரண்டு முறைக்கு மேல் வற்புறுத்த மாட்டார்கள், மூன்றாவது முறை கேட்பவர் ஏற்கெனவே போதையில் இருப்பார். பில் பங்கிடும்போது மது பங்கைக் கழிக்கச் சொல்லி 300 ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டாம். பத்தரை மணிக்கு யாரெல்லாம் வண்டி ஓட்டும் நிலையில் இல்லை என்று பார்த்து, அவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டில் இறக்கிவிடுங்கள். பெண்கள் இருந்தால் முதலில் அவர்களுக்கு வண்டி பதிவுசெய்து, போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடந்ததை மறுநாள் சபை வாட்ஸ்ஆப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போடாதீர்கள்.